சோனி சிக்னலுக்கு இந்தப் பக்கம்

கோரமங்களாவின் எண்பதடிச் சாலை இன்டர்மீடியட் ரிங் ரோட்டைச் சந்திக்கும் இடத்துக்குப் பெங்களூரில் எல்லோரும் சொல்லும் பெயர் சோனி வேர்ல்ட் சிக்னல். அங்கிருந்த சோனி ஷோரூமால் வந்த பெயர். கன்னடம் பேசும் பஸ் கண்டக்டரும் தமிழ் பேசும் ஆட்டோக்காரரும் வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. சிக்னலுக்கு அந்தப் பக்கம் கோரமங்களாவின் மரநிழலும் பெரிய வீடுகளும். இந்தப் பக்கம் ஈஜிபுரா: நெருக்கிக் கட்டிய மூன்று மாடி, நான்கு மாடிகள், அவற்றுக்கு இடையே வெயில் மதியத்தில் மட்டும் இறங்கும் சந்துகள், தண்ணீர் லாரி, வட ஆர்க்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்து இரண்டு மூன்று தலைமுறையாக ஊன்றிவிட்ட குடும்பங்கள், அவர்களுக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் ஐ.டி. பிள்ளைகள்.

2005-லிருந்து ஐந்தாறு வருஷங்கள், அந்த ஐ.டி. பிள்ளைகளின் முதல் போனஸ் பெரும்பாலும் கேமராவாகத்தான் மாறியது. சட்டைப்பையில் அடங்கும் கேமரா. கேனான் பவர்ஷாட், சோனி சைபர்ஷாட், நிக்கான் கூல்பிக்ஸ், கோடக் ஈஸிஷேர், ஃபியூஜி ஃபைன்பிக்ஸ். ஷோரூமில் பில்லோடு வாங்கியவர்கள் உண்டு. மெஜஸ்டிக்கில் நேஷனல் மார்க்கெட்டுக்குப் போய் பில் இல்லாமல் பேரம் பேசி வாங்கியவர்களும் உண்டு. துபாயிலிருந்து மாமா கொண்டுவந்தது, சிங்கப்பூர் போன ஓனர் கொடுத்தது என்று வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்களின் வீடுகளிலும் ஒன்றிரண்டு இருந்தன. வாங்கிய பிறகு எல்லாமே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. மெயின் ரோட்டிலிருந்து விவேக்நகர் பக்கம் பிரியும் சந்தில், ஒற்றை ஷட்டர் அகலமே இருந்த ஸ்டுடியோ அது.

கார்டிலிருந்து சி.டி.க்கு மாற்றவும் பிரிண்ட் போடவும் வேறு வழி தெரியாதவர்கள்தான் அதிகம். அதனால் ஸ்டுடியோ அண்ணனின் கண்ணாடி மேஜைமேல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் ஐந்தாறு கம்பெனிகளின் கேமராக்கள் வந்து போகும். திருவண்ணாமலைக்காரர். ஃபிலிம் காலத்தில் கல்யாணங்களுக்கு யாஷிகாவோடு போய்வந்தவர். எனக்கு அவரிடம் வேலை எதுவுமில்லை. மாலையில் போய் உட்கார்ந்திருப்பேன். எந்தக் கேமராவில் படம் நன்றாக விழுகிறது என்ற கேள்வியை வைத்துக்கொண்டு நாங்கள் பேசிய அளவுக்கு, அந்தச் சந்தில் வேறு எதைப் பற்றியும் நான் பேசியதில்லை.

அவருடைய பரிசோதனை எளிது. சந்து முனையில் பூக்கார ஆயா ஒருவர் இருந்தார். காலை ஒன்பது, ஒன்பதரைக்குக் கிழக்கு வெயில் அவருடைய கூடைமேல் மட்டும் விழும்; முகம் பக்கத்துச் சுவரின் நிழலில் இருக்கும். நல்ல கறுப்பு முகம், கொட்டை கொட்டையாய் மூக்குத்தி, மடியில் வெள்ளை வெளேரென்று மல்லிகைச் சரம். வந்த கேமராவில் பேட்டரி இருந்தால் அண்ணன் அதை எடுத்துக்கொண்டு முனைக்குப் போவார். ஃபிளாஷ் இல்லாமல் ஒன்று, ஃபிளாஷோடு ஒன்று. “இன்னாதான்டா கீது என் மூஞ்சில, தெனம் புடிச்சிக்கினு கீறீங்க? ஒண்ணு பெரிசா போட்டுக் குடுக்க மாட்டியா?” என்பார் ஆயா. அவர் கேட்டபடி போட்டும் கொடுத்தோம். அதை அவர் கூடைக்கு அடியில் பாலிதீன் கவரில் வைத்திருந்தார்.

அந்த ஒரு காட்சியில் எல்லாக் கேமராவின் குட்டும் வெளிப்பட்டுவிடும். முகத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தை எடுத்துக்கொண்டால் மல்லிகை வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். சரத்தில் பூ எங்கே முடிகிறது, நார் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. பூவுக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டால் முகம் இருட்டில் போய்விடும். கண்ணின் வெள்ளை மட்டும் மிஞ்சும். “பூ வெளுத்துப்போச்சு பாரு தம்பி” என்பார் அண்ணன், பிரிண்டை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து. அடுத்ததை எடுத்து, “இதுல மூஞ்சியே இல்ல.” இரண்டையும் ஒரே சட்டத்தில் கொஞ்சமாவது காப்பாற்றிக் கொடுக்கும் கேமராவைத்தான் அவர் நல்ல கேமரா என்றார். எத்தனை மெகாபிக்சல் என்று அவர் கேட்டதே இல்லை.

பூ வெளுப்பதற்கும் முகம் இருள்வதற்கும் காரணம் பெட்டிமேல் பொடி எழுத்தில் இருந்தது. வாங்குகிறவர்கள் யாரும் படிக்கவில்லை. அன்றைய சின்னக் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார் 1/2.5 அங்குல வகை. பெயரில் அங்குலம் இருந்தாலும் உண்மையில் அது ஏறத்தாழ 5.8 மில்லிமீட்டர் அகலம், 4.3 மில்லிமீட்டர் உயரம். சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும். அண்ணனின் பழைய யாஷிகாவில் ஓடிய 35 எம்.எம். ஃபிலிமின் ஒரு சட்டம் 36-க்கு 24 மில்லிமீட்டர். பரப்பைக் கணக்குப் போட்டால் முப்பத்தைந்து மடங்கு வித்தியாசம். அந்த நகத்துக்குள் 70 லட்சம் பிக்சல்களை நெருக்கி வைத்தால் ஒவ்வொன்றும் பிடித்துவைக்கக்கூடிய வெளிச்சம் மிகக் கொஞ்சம். வெளிச்சமான இடத்தில் அது சீக்கிரம் நிரம்பி வழிந்து வெள்ளையாகிவிடும். நிழலில் சிவப்பும் நீலமுமாகப் பொடிப்புள்ளிகள் கிளம்பும். மல்லிகையும் கறுப்பு முகமும் ஒன்றாக வரும் ஊரில் இந்த இரண்டு குறையும் ஒரே படத்தில் வந்து உட்கார்ந்தன.

ஃபிலிம் காலத்திலும் நம் முகங்களுக்கு நியாயம் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. கோடக் கம்பெனி உலகம் முழுவதும் லேப்களுக்கு அனுப்பிய வண்ண அளவு அட்டைகளில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி என்ற பெயருள்ள முதல் மாடலை வைத்து அதை ஷெர்லி கார்டு என்றார்கள். அவருடைய தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. அந்த அளவை வைத்துக்கொண்டு திருவண்ணாமலையிலும் பெங்களூரிலும் கல்யாண ஆல்பங்கள் அச்சாயின. பெண்ணுக்கு அப்பிய பவுடர் பாதி அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றும். ஈஜிபுராச் சந்தில் அண்ணன் ஷெர்லியின் இடத்தில் பூக்கார ஆயாவை உட்காரவைத்தார். அதைவிடச் சரியான அளவு அட்டை இந்த ஊருக்குக் கிடைத்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன்.

2006-இல் வந்த ஃபியூஜி ஃபைன்பிக்ஸ் F30 எங்கள் பேச்சில் நிறைய நாள் நின்ற கேமரா. 63 லட்சம் பிக்சல்தான். ஆனால் சென்சார் 1/1.7 அங்குல வகை. மற்றவற்றைவிடப் பரப்பு ஒன்றே முக்கால் மடங்கு. ஐ.எஸ்.ஓ. 3200 வரை போகும் என்று பெட்டியில் போட்டிருந்தார்கள். சட்டைப்பைக் கேமராவில் அன்று அது கேள்விப்படாத எண். எக்ஸ்.டி. கார்டு என்ற தனி வகைக் கார்டு வேண்டும், அது கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம். அதனாலேயே பலர் வாங்கவில்லை. மாடியில் குடியிருந்த பையன் ஒருவன் வைத்திருந்தான். ஜனவரி 14, விவேக்நகர் குழந்தை இயேசு கோயில் திருவிழா. எங்களுக்கு அன்று பொங்கலும். சாயங்காலம் கோயிலைச் சுற்றி மெழுகுவத்திக் கடைகள், ஆஸ்டின் டவுன் வரைக்கும் கூட்டம், கையில் வத்தியோடு முழங்காலில் நகர்ந்து வரும் பெண்கள். அவனுடைய F30-ஐ வாங்கி ஃபிளாஷை அமர்த்திவிட்டு எடுத்தோம். வத்தி வெளிச்சம் வத்தி வெளிச்சமாகவே விழுந்திருந்தது: கன்னத்தில் மஞ்சள், காதுக்குப் பின்னால் இருட்டு, அந்த இருட்டுக்குள் இன்னொரு முகத்தின் விளிம்பு. அன்று இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மானிட்டரில் ஒவ்வொரு படமாக அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிளாஷ் அடித்த மற்றக் கேமராக்களின் படங்களில் முன்னால் நின்றவர் வெளுத்துப்போய், பின்னால் இருந்த கோயிலும் கூட்டமும் இல்லாமலே போயிருந்தன.

அடுத்த வருஷம் வந்த கேனான் A570 IS வேறு வகையில் எங்களுக்குப் பிடித்தது. சாதாரண பென்சில் பேட்டரி இரண்டு போட்டால் ஓடும். கையாட்டத்தைத் தாங்கும் ஏற்பாடு லென்ஸுக்குள் இருந்தது. வெளிச்சத்தையும் வேகத்தையும் நாமே கூட்டிக் குறைக்கலாம். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் இதெல்லாம் இருந்ததால், ஸ்டுடியோவில் கேட்பவர்களுக்கு அண்ணன் பல நாள் சொன்ன பெயர் அதுதான். சோனியின் W வரிசைக்கு லென்ஸ்மேல் கார்ல் ஸெய்ஸ் என்று எழுதியிருக்கும். மெமரி ஸ்டிக் தனியாக வாங்கவேண்டும். கையில் பிடிக்க அழகு. கோடக்கில் சிவப்பும் பச்சையும் தூக்கலாக விழும். பட்டுப்புடவைக்காரர்கள் அதைத்தான் விரும்பினார்கள், அவர்களை மாற்ற அண்ணன் முயலவில்லை.

இதற்கிடையே பிக்சல் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 2003-இல் கேனான் A70-இல் 32 லட்சம். 2008-இல் அதே கம்பெனியின் G10-இல் 1 கோடியே 47 லட்சம். சென்சார் அதற்கேற்ப வளரவில்லை. போஸ்ட்கார்டு சைஸ் பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தாலும், 22 லட்சம் பிக்சல் போதும். சந்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் போட்டது அந்த சைஸ்தான். 2009-இல் கேனான் தானாகவே G11-இல் ஒரு கோடிக்கு இறங்கி வந்தது. பெரிய கம்பெனி ஒன்று எண்ணைக் குறைத்துப் படத்தை மேலே கொண்டுவந்தது எங்களுக்குப் பண்டிகைச் செய்தியாக இருந்தது. அண்ணன் அன்று டீ வாங்கிக் கொடுத்தார்.

பிக்சல் உண்மையிலேயே தேவைப்பட்ட இடம் ஒன்று இருந்தது. அதை எந்தக் கேமராப் பத்திரிகையும் எழுதவில்லை. யாராவது இறந்துவிட்டால், அன்றே அல்லது மறுநாள் காலையில் வீட்டார் ஓடிவருவார்கள். தனியாக எடுத்த படம் இருக்காது. காது குத்தலிலோ மஞ்சள் நீராட்டிலோ பதினைந்து பேர் இரண்டு வரிசையாக நின்ற குரூப் போட்டோதான் இருக்கும். அதிலிருந்து அப்பாவின் முகத்தை மட்டும் வெட்டி, மாலை போடும் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். எழுபது லட்சம் பிக்சல் படமானாலும் அதில் ஒரு முகத்தின் அகலம் நூற்றைம்பது, இருநூறு பிக்சல்தான். அதை ஐந்து அங்குல முகமாக்கினால் அங்குலத்துக்கு நாற்பது பிக்சலுக்கு மேல் தேறாது. அண்ணன் ஃபோட்டோஷாப்பில் இரவெல்லாம் உட்கார்ந்து மீசையை மீசையாகவும் நெற்றி விபூதியை விபூதியாகவும் மீட்டுக் கொண்டுவருவார்.

அங்கேதான் கேமராக்களின் தரவரிசை தலைகீழானது. அந்தக் காலக் கேமராக்களில் சில, பொடிப்புள்ளிகள் தெரியக்கூடாது என்று உள்ளேயே அவற்றைத் தேய்த்துவிட்டுப் படத்தைச் சேமிக்கும். சின்ன பிரிண்டில் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். பெரிதாக்கினால் முகம் ஈரத்துணியால் துடைத்த சிலேட்டுப்போல் ஆகிவிடும். புருவமும் சுருக்கமும் போனவை போனவைதான், எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. புள்ளிகளை அப்படியே விட்ட கேமராவின் படம் சின்ன சைஸில் அழுக்காகத் தெரிந்தாலும், பெரிதாக்கும்போது அந்தப் புள்ளிகளுக்குள் முகம் இருந்தது. “அழுக்கு இருந்தா பரவாயில்ல தம்பி, ஆள் இருக்கணும்” என்றார் ஒருமுறை. படத்தரம் பற்றி நான் படித்த எத்தனையோ கட்டுரைகளில் அந்த அளவுகோலை எங்கும் பார்க்கவில்லை.

முகத்துக்கு ஆயா என்றால், லென்ஸின் மூலைகளுக்கு எங்களிடம் இ.டபிள்யூ.எஸ். குவார்ட்டர்ஸ் இருந்தது. பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கென்று மாநகராட்சி ஈஜிபுராவில் கட்டிய அடுக்குமாடிகள். மலிவு லென்ஸ் என்றால் நடுவில் கூர்மையாகவும் ஓரத்தில் கலங்கலாகவும் விழும். அகலக் கோணத்தில் நேர்க்கோடுகள் வெளியே பிதுங்கும். வெயில் வானத்துக்கு எதிரே இருக்கும் கம்பி விளிம்பில் ஊதா நிறம் கசியும். இவை மூன்றையும் பார்க்க நேர்க்கோடுகள் நிறைந்த பெரிய சுவர் வேண்டும். குவார்ட்டர்ஸ் பிளாக்குகளின் முகப்பு அதற்கென்றே கட்டியதுபோல் இருந்தது. ஜன்னல்கள், கைப்பிடிச் சுவர்கள், தண்ணீர்க் குழாய்கள், கேபிள் ஒயர்கள். சட்டத்தின் நான்கு மூலையும் சுவரில் படும்படி நின்று எடுப்போம். பிறகு மானிட்டரில் மூலையை மட்டும் முழு அளவுக்கு இழுத்துப் பார்ப்போம்.

அப்போது நாங்கள் பார்த்தது கூர்மையை மட்டும். கீழ் இடது மூலையில் குழாயடியில் வரிசை போட்ட பிளாஸ்டிக் குடங்கள் இருந்தன. பச்சைக் குடத்தின் விளிம்பு தெளிவா என்று பார்த்தோம். மேல் வலது மூலையில் ஒரு அம்மா தலை துவட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குப் பின்னாலிருந்த கம்பியில் ஊதா கசிகிறதா என்று பார்த்தோம். மாடிப்படியில் ஒரு பெண் குழந்தை ஸ்லேட்டோடு உட்கார்ந்திருந்தது. அது லென்ஸின் நடுப்பகுதி, எப்போதும் கூர்மையாகத்தான் இருக்கும் என்று அதைப் பார்க்காமலே கடந்தோம்.

2007-இல் அந்தக் குடியிருப்பில் ஒரு பிளாக் இடிந்து விழுந்தது. மற்றவையும் வாழத் தகுதியற்றவை என்று இடிக்கப்பட, குடும்பங்கள் அதே நிலத்தில் தகரக் கொட்டகைகளுக்கு மாறின. 1,512 வீடுகளின் கணக்கு அது. பெரும்பாலும் தலித் குடும்பங்கள், தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. நிலத்தில் ஒரு பகுதியைத் தனியாருக்கு வணிக வளாகத்துக்குக் கொடுத்து, மீதியில் வீடு கட்டுவது திட்டம். 2013 ஜனவரியில், பொங்கல் முடிந்த அதே வாரத்தில், புல்டோசர்கள் வந்தன. கொட்டகைகள் சில நாட்களில் தரைமட்டமாயின. பெங்களூரின் ஜனவரிப் பனியில் குழந்தைகளோடு மக்கள் நடைபாதையில் படுத்ததை நான் பார்த்தேன். பலரைச் சர்ஜாபுரா சாலைப் பக்கம் சூலிகுண்டேவுக்கு அனுப்பினார்கள். வீட்டு வேலை செய்த அக்காக்களுக்குக் கோரமங்களாவிலிருந்த வேலையும் அங்கிருந்து எட்டாத தூரமாகிவிட்டது. எங்கள் பேச்சில் கேமரா அந்த மாதத்தோடு நின்றுபோனது. பேசப் பிடிக்கவில்லை.

அதே ஆண்டுகளில் கேமராவும் போய்க்கொண்டிருந்தது. ஜப்பானியக் கேமராச் சங்கத்தின் கணக்குப்படி 2010-இல் உலகத்துக்கு அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. 2023-இல் 80 லட்சத்துக்கும் கீழே. 1975-இல் ஸ்டீவன் சாஸன் என்ற பொறியாளர் கோடக் ஆய்வகத்தில் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டியதைக் கண்ட அதே கம்பெனி, 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. ஸ்டுடியோ ஷட்டரும் ஒருநாள் நிரந்தரமாக இறங்கியது. பாஸ்போர்ட் போட்டோ ஜெராக்ஸ் கடைகளுக்குப் போயிற்று. கார்டைக் கொண்டுவர ஆளில்லை. அண்ணன் திருவண்ணாமலைக்கே திரும்பிவிட்டார். 2017-இல் தொடங்கிய ஈஜிபுரா மேம்பாலம், இரண்டரைக் கிலோமீட்டர்தான், ஆண்டுக்கணக்கில் பாதியில் நின்றது. தூண்களின் நிழல் மெயின் ரோட்டின் வெளிச்சத்தையே மாற்றிவிட்டது.

இப்போது அந்தச் சின்னக் கேமராக்களை இருபது வயதுப் பிள்ளைகள் தேடி வாங்குகிறார்கள். சி.சி.டி. சென்சாரின் நிறம் தனி என்கிறார்கள். அவர்கள் ஆசை எனக்குச் சந்தோஷம். காரணம் மட்டும் வேறு. 1969-இல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் கண்டுபிடித்த சி.சி.டி.க்கு நிறம் தெரியாது. வெளிச்சத்தின் அளவுதான் தெரியும். நிறம் அதன்மேல் ஒட்டிய சிவப்பு, பச்சை, நீல வடிகட்டியிலிருந்தும், கம்பெனி உள்ளே எழுதிவைத்த கணக்கிலிருந்தும் வருகிறது. அதைவிடப் பெரிய காரணம், அந்தக் கேமரா ஒரு கணத்தின் ஒரே வெளிச்சத்தை எடுத்தது. இன்றைய செல்ஃபோன் அடுத்தடுத்துப் பல சட்டங்களை எடுத்துச் சேர்த்து, முகத்துக்கு வேண்டியதையும் மல்லிகைக்கு வேண்டியதையும் தனித்தனியே கொடுத்துவிடுகிறது. ஆயாவின் காட்சியில் அண்ணன் தேடியது இதைத்தான். தயங்காமல் சொல்வேன், தரம் இதில்தான் மேல். ஆனால் இரண்டு பிரிண்டை ஒரே வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்து அரைமணி நேரம் பார்க்கும் பழக்கம் இந்தத் தரத்தோடு கூடவே வரவில்லை. அந்தப் பார்வைக்குத்தான் நான் ஏங்குகிறேன்.

பரிசோதனைப் படங்கள் என்னிடம் இருக்கின்றன. அண்ணன் ஊருக்குப் போகும்போது சி.டி.க்களை அட்டைப்பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போனார்; படிக்க முடிந்ததையெல்லாம் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டேன். எந்தக் கேமரா எடுத்தது என்பதைக் கோப்பின் பெயரே சொல்லிவிடும்: ஐ.எம்.ஜி. என்று தொடங்கினால் கேனான், டி.எஸ்.சி.எஃப். என்றால் ஃபியூஜி, டி.எஸ்.சி.என். என்றால் நிக்கான். தேதிதான் சிக்கல். பேட்டரி கழற்றியே கிடந்த கேமராக்களில் கடிகாரம் பின்னுக்குப் போய் ஏதாவது ஒரு ஜனவரி 1-இல் நின்றிருக்கும். அதனால் படத்துக்குள் இருப்பதை வைத்துத்தான் வரிசைப்படுத்துகிறேன். பின்னால் பிளாக் நிற்கிறதா, தகரமா, வெற்று நிலமா. குடத்தின் நிறம், சுவரில் ஒட்டிய தேர்தல் நோட்டீஸ், டிஷ் ஆன்டெனா வந்துவிட்டதா இல்லையா. மூலைகளை முழு அளவுக்கு இழுத்து, பழையபடி உற்றுப் பார்க்கிறேன்.

ஆட்களை அடையாளம் சொல்ல என்னால் முடியவில்லை. குவார்ட்டர்ஸில் வாழ்ந்தவர்கள் சொல்லவேண்டும். வியாழக்கிழமை நவநாளுக்கு சூலிகுண்டேவிலிருந்து சில குடும்பங்கள் இன்னும் குழந்தை இயேசு கோயிலுக்கு இரண்டு பஸ் மாறி வருகின்றன. போன வாரம் ஒரு அக்காவிடம் செல்ஃபோனில் ஒரே ஒரு படத்தைக் காட்டினேன். கைப்பிடிச் சுவரைப் பெரிதாக்கிப் பார்த்தவர், அது தங்கள் பிளாக் இல்லை, எதிர் பிளாக், தங்களுடையதற்குப் படி இடதுபக்கம் என்றார். அவருக்கு எல்லாவற்றையும் பெரிய திரையில் பார்க்கவேண்டுமாம்; மாமியாரையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த வியாழன் லேப்டாப் கொண்டுபோகிறேன்.